மீண்டும் மவுண்டன் சைக்கிளில் ஏறுபவர்கள் வன்னியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல ஆண்டுகளாக மூலையில் நின்ற மவுண்டன் சைக்கிளைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு குளக்கட்டுப் பக்கம் வருபவர்களை இப்போது அடிக்கடி காண்கிறேன். கொழும்பில் வேலை பார்த்துத் திரும்பியவர்களும், பிள்ளைகள் வளர்ந்து கொஞ்சம் நேரம் கிடைத்தவர்களும், வைத்தியர் சொன்னதால் வந்தவர்களும் இவர்களில் இருக்கிறார்கள். பெரும்பாலானோர் சில வாரங்களிலேயே நிறுத்திவிட்டு, வயது போய்விட்டது, முந்திய சுகம் இல்லை என்கிறார்கள். அவர்கள் செய்பவை எங்கள் தொடக்க காலத் தவறுகளே என்பதால் அந்தச் சுகம் எங்கே தொலைகிறது என்பது எனக்குத் தெரியும்; அது பெரும்பாலும் உடம்பில் தொலைவதில்லை. பிறேக் பிடிக்கிறதா, செயின் துருப்பிடித்திருக்கிறதா என்பவற்றை எவரும் பார்த்துக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ரயரைக் கல்லுப் போல இறுக்குதல்

சைக்கிளை வெளியே எடுத்தவுடன் மோட்டார்ச் சைக்கிள் கடையொன்றில் நிறுத்தி, பெருவிரலால் அழுத்தினாலும் அசையாத அளவுக்குக் காற்றடித்துக்கொண்டு வருகிறார்கள். ரயரின் பக்கவாட்டில் 65 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்று பொறித்திருந்தால் அவ்வளவும் அடிக்க வேண்டும் என எண்ணிக்கொள்கிறார்கள். அது அந்த ரயர் தாங்கக்கூடிய உச்ச அளவே தவிர, ஓட வேண்டிய அளவு அல்ல.

ஒட்டுசுட்டானுக்கு உட்புறமாகச் செல்லும் கிரவல் வீதியில் என்னுடன் வந்த தம்பி ஒருவரிடம், புறப்படும் முன்பே கொஞ்சம் காற்றைத் திறந்துவிடும்படி சொன்னேன். "காத்துக் குறைஞ்சா உழக்க ஏலாது அண்ணை" என்றார். உழவு இயந்திரங்கள் ஓடி அலை அலையாகிப்போன அந்த வீதியில் அவருடைய கைகள் மணிக்கட்டிலிருந்து தோள் வரை அதிர்ந்துகொண்டேயிருந்தன. அடுத்த வளைவில் உதிரிக் கிரவலின் மேல் முன்சில்லு வழுக்கி அவர் விழுந்ததில் காறை எலும்பு உடைந்தது. எலும்பு பொருந்திய பிறகும் அவர் சைக்கிளைத் தொடவில்லை, விற்றுவிட்டார். ஒரு நிமிட வேலையைச் செய்யாததால் ஒருவர் இந்த இன்பத்தையே இழந்தார் என்பது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. அதைவிடவும் எரிச்சல் தருவது, வருகிறவர்கள் எல்லோரும் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்வதுதான்.

தார் வீதியில் இறுகிய ரயர் இலகுவாக ஓடும் என்பது உண்மை. கிரவலில் நடப்பது வேறு: கல்லை உள்வாங்க முடியாத ரயர் ஒவ்வொரு கல்லிலும் சைக்கிளையும் ஆளையும் சேர்த்து மேலே தூக்குகிறது, நீங்கள் உழக்கும் வலுவில் ஒரு பங்கு முன்னே போகாமல் இந்தத் தூக்கலில் வீணாகிறது. நிலத்தைத் தொடும் பரப்பும் சுருங்கிவிடுவதால் வளைவிலும் பிறேக்கிலும் பிடிமானம் இல்லாமல் போகிறது. 1970களில் கலிபோர்னியாவின் தமால்பயஸ் மலைச்சரிவுகளில் இந்த விளையாட்டைத் தொடங்கியவர்கள் பாரமான பழைய சைக்கிள்களைத் தேடி எடுத்ததற்கு அவற்றின் தடித்த பலூன் ரயர்கள் ஒரு முக்கிய காரணம்.

ரியூப் உள்ள 2.2 அங்குல ரயருக்கு, 70 கிலோ எடையுள்ளவர் 30 பிஎஸ்ஐ அளவில் தொடங்கலாம். முன் ரயருக்கு இரண்டு குறைவாக இருக்கட்டும். முல்லைத்தீவுக் கரையோர மணல் தடங்களில் இன்னும் சற்றுக் குறைக்கலாம். ரியூப்பில் அருகருகே இரண்டு ஓட்டைகள் விழுந்தால், கல்லுக்கும் றிம்முக்கும் இடையில் அது நசுங்கியிருக்கிறது என்று பொருள். அப்போது மட்டும் இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூட்டுங்கள். அளவுமானி உள்ள கால் பம் ஒன்றைச் சொந்தமாக வாங்குங்கள், கடைக்காரரின் கணிப்பை நம்ப வேண்டாம்.

சமதரை தானே என்று நினைத்தல்

மலைநாட்டில் ஏறியவருக்கு இறக்கம் கிடைக்கும். அங்கே உழக்காமல் எழுந்து நின்று இடுப்பை ஆற்றிக்கொள்ளலாம். வன்னியில் அந்த ஓய்வு இல்லை. புறப்பட்ட இடத்திலிருந்து திரும்பும் வரை சீற்றில் இருந்தபடியே உழக்க வேண்டியிருப்பதால், நுரையீரல் தாங்கினாலும் பிட்டம் தாங்குவதில்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நில்லுங்கள். முதல் வாரங்களில் முந்திய தூரத்தில் பாதியோடு திரும்புங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காற்றை எதிர்த்துப் புறப்படுவதே நல்லது. முதுகில் காற்றை வாங்கிக்கொண்டு உற்சாகமாகத் தொலைதூரம் போனவர்கள், உச்சி வெயிலில் அதே காற்றுக்கு எதிரே சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மழை விட்ட மறுநாள் முருங்கன் பக்கம் போதல்

மன்னார்ப் பக்கத்து முருங்கனில் இருப்பது களிமண்; நனைந்தால் அது ரயருக்கும் சில்லைத் தாங்கும் கவைக்கும் இடையில் அடைத்துச் சில்லைச் சுழலவிடாது. காயும் வரை பொறுங்கள்.

மோட்டார்ச் சைக்கிள் கழுவுமிடத்தில் கொடுத்தல்

வேகமாகப் பீய்ச்சும் நீர் பெயரிங்குகளிலுள்ள கிறீசை அகற்றிவிடும். வாளித் தண்ணீரும் துணியும் போதும்.

மிதிவெடி அறிவித்தலைத் தாண்டுதல்

திரும்புங்கள். குறுக்குவழி எதுவும் வேண்டாம்.

இருட்டோடு புறப்படுதல்

வெயிலுக்கு அஞ்சி விடியமுன் இறங்குகிறார்கள். இரவில் வயலுக்கு வந்த யானைகள் காட்டுக்குத் திரும்பும் வேளையும் அதுவே, சைக்கிள் சத்தமில்லாமல் வருவதால் யானைக்கும் நமக்கும் ஒரே கணத்தில்தான் தெரியவரும். காட்டோர வீதிகளில் நன்றாக வெளிச்சம் வந்த பிறகே ஏறுங்கள். நிலத்தில் ஈரம் காயாத யானை இலத்தி கிடந்தால் அன்றைக்கு வேறு வழியால் போங்கள்.