இரு மாவட்டக் கழகங்களுக்கு ஒரு கிண்ணம்: அட்டவணை போடும் முறை

எல்லை தாண்டிய உதைபந்தாட்டக் கிண்ணத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது நாட்காட்டி. தெற்கே அயர்லாந்துக் குடியரசு, வடக்கே வட அயர்லாந்து என இரு பக்கக் கழகங்களும் மோதிய செட்டாண்டா கிண்ணம் 2005இல் ஆறு கழகங்களோடு தொடங்கியது. கடைசியாக நடந்தது 2014இல். தெற்கு லீக் வசந்தத்தில் தொடங்கும், வடக்கு லீக் ஓகஸ்டிலிருந்து மே வரை. ஒரு பக்கம் களைத்திருக்க மறுபக்கம் அப்போதுதான் சூடாகும். திகதி பிடிப்பது பெரும்பாடு.

கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கழகங்களுக்கு மே, ஜூன் நல்லது. ஒக்டோபரில் மழை தொடங்கிவிடும். தை, மாசியில் காலபோக நெல் அறுவடைக்குப் பெடியள் வயலில் நிற்பார்கள்.

ஆறு அணிகளை மும்மூன்றாகப் பிரியுங்கள். ஒரு குழுவில் ஒரே மாவட்டத்து அணிகள் மூன்றும் சேரக்கூடாது. இரு பக்க மைதானங்களிலும் ஆடினால் குழு ஆட்டங்கள் 12. குழுவில் முதலிடத்துக்கு மட்டும் இறுதியாட்டம் கொடுங்கள். இரண்டு அணிகளை ஏற்றினால், கடைசி ஆட்டத்தில் சமநிலை போதுமென்று இருவரும் பந்தை நடுவிலேயே உருட்டுவார்கள். ஓய்விலிருக்கும் மூன்றாவது அணி பார்த்துக்கொண்டே வெளியேறும். இப்படி நடக்க வாய்ப்புண்டு.

வீரர் பட்டியலை அடையாள அட்டை இலக்கத்தோடு முதல் ஆட்டத்துக்கு முன்பே பூட்டுங்கள். இரண்டு கழகத்துக்கு ஆடுபவர் அங்கேயே பிடிபடுவார். மத்தியஸ்தர் மூன்றாவது மாவட்டத்தவராக இருக்கட்டும், வவுனியாவிலிருந்து அழைக்கலாம்.

விளக்கில்லாத மைதானத்தில் இறுதியாட்டத்தை 4 மணிக்குத் தொடங்குங்கள். இடைவேளையோடு 6 மணி நெருங்கிவிடும். மேலதிக நேரம் வேண்டாம், நேரே பெனால்டி.