பயிற்சிப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கும் முன்

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் சின்ன யூனிட் நடத்துகிற நம் ஆட்கள் என்னைக் கூப்பிடும்போது பெரும்பாலும் கேட்பது இதுதான்: "சார், இன்ஸ்பெக்டர் வந்தா காட்ட ஒரு சேஃப்டி ஃபைல் வேணும், சீக்கிரம் முடிச்சுக் குடுங்க." ஃபைலைச் சீக்கிரம் முடித்துவிடலாம், அது பெரிய வேலை இல்லை. ஆனால் ஃபைலை மட்டும் செய்து வைத்தால், ஆபரேட்டர் கை பிரஸ் மெஷினின் டைக்குள் (தகட்டை வெட்டி வடிவம் கொடுக்கும் அச்சு) போகும்போது அது அலமாரியில்தான் இருக்கும். நான் டை செட்டராக (மெஷினில் டை மாட்டுகிறவன்) ஆரம்பித்து, பிறகு சேஃப்டி டிப்ளமோ படித்து இந்த வேலைக்கு வந்தவன். அதனால் வேலையை ஷாப்பில் தொடங்கி ஃபைலில் முடிப்பேன். நீங்களே செய்துகொள்வதற்கு வசதியாக அதே வரிசையில் எழுதுகிறேன்.

முதலில் சட்டம், சுருக்கமாக. 2020-ல் நிறைவேறிய பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் உட்பட 13 பழைய சட்டங்கள் இதற்குள் வந்துவிட்டன. மின்சாரத்தில் ஓடும் யூனிட்டில் 20 பேர் இருந்தால் அது தொழிற்சாலை. முன்பு அந்த எண்ணிக்கை 10. இதைக் கேட்டதும் சிலர் முகத்தில் ஒரு நிம்மதி வரும், "நம்மகிட்ட பதினாறு பேர்தானே" என்று. ஆனால் 10 பேர் இருந்தாலே நீங்கள் இந்தச் சட்டத்துக்குள் வரும் ஸ்தாபனம். பாதுகாப்பான பணியிடம் கொடுப்பது உங்கள் கடமை, வேலைக்கு வருகிற எல்லோருக்கும் நியமனக் கடிதம் கொடுப்பதும் கடமை. கடமை தவறி ஒருவருக்குப் பலத்த காயம் பட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது 2 லட்சத்திலிருந்து 4 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். உயிர் போனால் சிறை இரண்டாண்டு வரை, அபராதம் 5 லட்சத்துக்குக் குறையாது. எந்தப் படிவம், எந்த இணையப் பதிவு என்ற சந்தேகம் இருந்தால் பன்னேர்கட்டா சாலை கார்மிக பவனில் இருக்கும் தொழிற்சாலைத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். ஏஜெண்டு சொன்னான் என்று கிளம்பாதீர்கள்.

அடுத்து, ஒரு நோட்டோடு ஷாப்பைச் சுற்றி வாருங்கள். மெஷின் ஓடும்போது போக வேண்டும். கேட்டிலிருந்து ஆரம்பித்து, எது நசுக்கும், எது வெட்டும், எது சுடும், எது ஷாக் அடிக்கும் என்று எழுதிக்கொண்டே போங்கள். டிரில்லிங் மெஷினில் கையுறை போட்டு நிற்கிறவனைப் பார்த்தால் "பரவாயில்லை, பாதுகாப்பாக இருக்கிறான்" என்று தோன்றும். தப்பு. சுற்றுகிற டிரில் கையுறையைப் பிடித்தால் கையையும் சேர்த்துச் சுருட்டிவிடும். அங்கே கையுறை கூடாது, உலோகச் சுருளைத் தள்ள பிரஷ் வேண்டும். கிரைண்டரில் கல்லுக்கும், ஜாப்பைத் தாங்கும் ரெஸ்ட்டுக்கும் நடுவே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் ஜாப் உள்ளே இழுத்துக்கொள்ளும். கல்லில் எழுதியிருக்கும் வேகம் மெஷின் வேகத்தைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. பெயிண்டிங் பக்கம் போனால் தண்ணீர் பாட்டிலில் தின்னர் இருக்கிறதா என்று பாருங்கள். நான் போகும் இடத்தில் பாதிக்கு மேல் இருக்கும். ஏர் ஹோஸால் சட்டைத் தூசி தட்டுகிறவர்களும் எல்லா ஷாப்பிலும் உண்டு. அந்த அழுத்தம் கண்ணில் படலாம், காயத்தின் வழியே தோலுக்குள்ளும் போகலாம்.

பவர் பிரஸ் இருந்தால் அங்கே நின்றுவிடுங்கள். நம் ஊர் ஷாப்களில் பழைய சி-ஃபிரேம் பிரஸ்தான் அதிகம் (சி எழுத்து மாதிரி முன்பக்கம் திறந்திருக்கும்), பின் (pin) கிளட்ச் வைத்தது. பெடலை மிதித்ததும் அந்தப் பின் போய், சுற்றிக்கொண்டிருக்கும் கனமான சக்கரமான ஃபிளைவீலைப் பிடிக்கும். பிடித்துவிட்டால், டை மேல் இறங்கும் பாகமான ராம் முழுச் சுற்றும் இறங்கி ஏறித்தான் நிற்கும், பாதியில் நிறுத்த யாராலும் முடியாது. இதைப் புரிந்துகொள்ளாமல்தான் சில முதலாளிகள் பெரிய செலவில் லைட் கர்ட்டன் (கை குறுக்கே வந்தால் சிக்னல் தரும் ஒளித் தடுப்பு) மாட்டுகிறார்கள். ஒளியை வெட்டினால் சிக்னல் வரும், சரி, ராமை நிறுத்துவது யார்? லைட் கர்ட்டன், ராமைப் பாதியில் நிறுத்த முடிகிற நியூமாட்டிக் (காற்றழுத்த) கிளட்ச் பிரஸுக்கு உதவும், பின் கிளட்சுக்கு உதவாது. அதற்கு முதல் வழி டையைச் சுற்றி நிலையான கார்டு (guard, பாதுகாப்புத் தடுப்பு). ஸ்டிரிப் உள்ளே போகும் இடைவெளி 6 மில்லிமீட்டருக்குள் இருந்தால் விரல் நுழையாது. ஜாப் பெரியது, அப்படி மூட முடியாது என்றால் ஜாப்பை எடுத்து வைக்க சிம்டாவோ (இடுக்கி) காந்தக் கம்பியோ கொடுங்கள். எந்தக் காரணத்துக்கும் விரல் டைக்குள் போகாதபடி வேலையை அமைக்க வேண்டும்.

இன்னொன்று, பின்னோ ஸ்பிரிங்கோ தேய்ந்தால் ஒருமுறை மிதித்ததற்கு ராம் இரண்டுமுறை இறங்கும். ஆபரேட்டர்கள் இதை "டபுள் அடிக்குது" என்பார்கள். அந்த வார்த்தை காதில் விழுந்த உடனே மெஷினை நிறுத்தி மெயின்டனன்ஸைக் கூப்பிட வேண்டும். "இந்த லாட்டை மட்டும் முடிச்சுடு" என்று சொல்கிற சூபர்வைசரை அன்றே கூப்பிட்டுப் பேசுங்கள். பெடலுக்கு மேல் மூடி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். மேலே விழுந்த ஸ்கிராப் துண்டே பெடலை அமுக்கிவிடும்.

டை மாற்றும்போது மோட்டாரை அணைப்பதோடு வேலை முடியவில்லை. ஃபிளைவீல் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அது முழுக்க நின்ற பிறகு, ராம் இறங்காமல் தாங்க அதற்குக் கீழே பிளாக் வைத்துவிட்டுத்தான் கை உள்ளே போகலாம். மெயின் ஸ்விட்ச்சில் ஒரு பூட்டு, சாவி செட்டர் பையில். பத்து ரூபாய்ச் சாமான் அல்ல, ஆனால் ஒரு விரலுக்கு முன்னால் மலிவு.

இப்போது பயிற்சி. புரொஜெக்டர், ஏசி ஹால் எல்லாம் வேண்டாம். ஷிஃப்ட் தொடங்கும்போது கால் மணி நேரம், மெஷின் முன்னால், ஐந்தாறு பேர். ஒரு நாளைக்கு ஒரே விஷயம். மொழிதான் பெரிய வேலை. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பையன்களுக்குத் தமிழில் சொல்வீர்கள், வட கர்நாடகத்திலிருந்து வந்தவருக்குக் கன்னடம் வேண்டும், ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட் பையன்களுக்கு இந்தி ஓரளவுக்குத்தான் ஓடும். ஒவ்வொரு மொழியிலும் கொஞ்ச நாள் வேலை பார்த்த ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். முந்தின நாள் அவருக்குத் தனியாகச் சொல்லிக் கொடுங்கள், மறுநாள் அவரே சொல்லட்டும். நீங்கள் பேசி அவர் மொழிபெயர்த்தால் பாதி வழியிலேயே கரைந்துவிடும். அவருக்கு மாதம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் இன்னும் நல்லது, அது வேலைதானே.

நான் செய்து காட்டுவது ஒன்று உண்டு. கார்டு இல்லாத நிலையில் டையின் நடுவே நீளமான ஒரு கம்பால் முருங்கைக்காயைத் தள்ளி வைத்துவிட்டு, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி ஒருமுறை மிதிப்பேன். நார் தெறிக்கும், சத்தம் வரும். பிறகு கார்டை மாட்டி, அதே மாதிரி இன்னொரு முருங்கைக்காயை உள்ளே விடச் சொல்வேன். போகாது. யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. இதைச் செட்டர் மட்டும்தான் செய்ய வேண்டும், பையன்கள் விளையாட்டாக எடுத்துச் செய்யக் கூடாது.

அப்புறம்தான் முக்கியமான பகுதி. "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். எந்த மொழியில் கேட்டாலும் தலை ஆடும். "நீ செஞ்சு காட்டு" என்று சொல்லுங்கள். எமர்ஜென்சி ஸ்விட்ச் எங்கே, ஓடிப்போய் அமுக்கு. டை மாட்டுவதற்கு முன் என்ன செய்வாய், செய். கார்டு கழன்றிருந்தால் யாரிடம் சொல்வாய், போய்ச் சொல்லு. செய்து காட்டியவர் பெயருக்கு எதிரேதான் பதிவேட்டில் கையெழுத்து. செய்து காட்டாதவருக்கு அந்த இடம் காலியாக இருக்கட்டும், மறுநாள் திரும்பவும் கேளுங்கள். தேதி, தலைப்பு, எந்த மெஷின், எந்த மொழி, சொல்லிக் கொடுத்தவர் யார், இவ்வளவு போதும்.

புதிதாகச் சேர்ந்தவரை முதல் நாளே பிரஸ்ஸில் நிறுத்தாதீர்கள். காண்ட்ராக்டர் அனுப்பிய ஆள் என்பதால் உங்கள் பொறுப்பு குறையாது. ஹோலி, தீபாவளி, சட் பூஜைக்கு ஊருக்குப் போகும் கூட்டத்துக்குப் பதிலாக வருகிற ஆட்களை நான் தனியாகக் கவனிப்பேன். ஹெல்பராக இருந்தவன் திடீரென்று ஆபரேட்டர் ஆவது அந்த வாரங்களில்தான். புது டை வந்தாலும் மறுபடி சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஆயுத பூஜையையும் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் அந்த இரண்டு நாளும் ஷாப்பைக் கழுவி, மெஷினைத் துடைத்து, பெயிண்ட் அடித்து, வாழைக்கன்று கட்டுவோம். துடைப்பதற்காகக் கழற்றிய கார்டுகள் மூலையில் சாய்ந்திருக்கும். பூஜை முடிந்து முதல் ஷிஃப்ட்டில் அவை இல்லாமலேயே ஓட ஆரம்பிக்கும். அன்று காலை நீங்களே போய், ஒவ்வொரு கார்டையும் கையால் அசைத்துப் பார்த்த பிறகுதான் மெயினைப் போட விடுங்கள்.

கார்டை ஆபரேட்டர் ஏன் கழற்றுகிறான் என்றும் யோசியுங்கள். சோம்பல் என்பார்கள். நான் பார்த்தவரை பீஸ் ரேட்தான் காரணம். கார்டோடு போட்டால் எண்ணிக்கை குறைகிறது, கூலியும் குறைகிறது. கார்டு மாட்டிய நிலையில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்து அதை வைத்து டார்கெட் போடுங்கள். அதைச் செய்யாமல் பயிற்சி கொடுப்பது வீண் என்பது என் கருத்து. ஷூ, கண்ணாடி, காதடைப்புக்கான பணத்தைச் சம்பளத்தில் பிடிப்பதும் வேண்டாம். பாதுகாப்புக்கான செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கச் சட்டமும் அனுமதிக்கவில்லை. முதலாளி செருப்போடு ஷாப்புக்குள் வந்தால் மற்ற எல்லாமும் வீணாகிவிடும், அதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

தீயணைப்பான் விஷயத்தில் ஒரு சிக்கனமான வழி. ரீஃபில்லுக்கு அனுப்பும் முன், அந்தச் சிலிண்டரை வெளியே கொண்டுபோய் ஆட்களையே பின்னைக் கழற்றி அடிக்கச் சொல்லுங்கள். எப்படியும் காலி செய்யப் போகிறார்கள். மின் பேனலுக்குப் பக்கத்தில் கார்பன் டை ஆக்சைடு வையுங்கள், தண்ணீர் வேண்டாம்.

விபத்து நடந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் பயிற்சியில் சேருங்கள். விரல் துண்டானால் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள். துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். விரல் நேராக ஐஸில் படக் கூடாது, திசு கெட்டுவிடும். துண்டான விரலை ஒட்டும் மைக்ரோ சர்ஜரி செய்கிற மருத்துவமனை எது என்று இப்போதே விசாரித்து, எண்ணைப் பேனல் பக்கத்தில் ஒட்டுங்கள். ஜாலஹள்ளி கிராஸ் டிராஃபிக்கில் நின்றுகொண்டு தேட முடியாது. மெஷினை யாரும் தொடாமல் அப்படியே விடுங்கள். ஈஎஸ்ஐக்கு (தொழிலாளர் அரசுக் காப்பீடு) படிவம் 12-ல் விபத்து அறிக்கையை உடனே அனுப்புங்கள். 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாத காயம் என்றால் தொழிற்சாலைத் துறைக்கும் அறிவிப்பு போக வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர் ஈஎஸ்ஐக்குள் வருவார். சேர்ந்த நாளிலேயே பதிந்துவிடுங்கள். விபத்துக்கு மறுநாள் தேதி போட்டுப் பதிகிற வேலையை நான் செய்து தருவதில்லை.

இதெல்லாம் ஓடத் தொடங்கினால் ஃபைல் தானாகவே நிறைந்துவிடும். நோட்டில் எழுதிய ஆபத்துப் பட்டியல், எதை எப்போது சரி செய்தீர்கள் என்ற தேதி, செய்து காட்டியவர்களின் பதிவேடு, நியமனக் கடித நகல்கள், 40 வயது தாண்டியவர்களின் வருடாந்திர மருத்துவப் பரிசோதனை, கிரேன், கம்ப்ரஸர் டேங்க் சோதனைச் சான்றுகள், தீயணைப்பான் ரீஃபில் ரசீது. நல்ல இன்ஸ்பெக்டர் இவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு நேராக ஷாப்புக்குப் போய் ஒரு பையனிடம், "இந்த மெஷினை எப்படி நிறுத்துவாய்?" என்று கேட்பார். பதில் சொல்ல வேண்டியவன் அந்தப் பையன்தான், அப்போது நீங்கள் நடுவில் பேச வேண்டாம்.