வீட்டு அறையை நாள் வாடகைக்கு விடுகிறீர்களா? ஜிஎஸ்டி கணக்கை எங்கிருந்து தொடங்குவது

கொடைக்கானல், ஏற்காடு, ஊட்டி என்று எங்கு போனாலும், சொந்த வீட்டின் இரண்டொரு அறைகளைப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுகிறவர்களைப் பார்க்க முடிகிறது. வெந்நீர், வைஃபை, வண்டி நிறுத்தும் இடம் எல்லாவற்றையும் யோசித்துச் செய்கிறவர்கள் வரி என்றதும் தடுமாறுகிறார்கள். சிலர் "முன்பதிவுத் தளமே கட்டிவிடுகிறது, நமக்கு என்ன வந்தது" என்று இருந்துவிடுகிறார்கள். வேறு சிலர் முதல் விருந்தினர் படியேறும் முன்பே பயந்துபோய் ஜிஎஸ்டி எண் வாங்கிவிடுகிறார்கள். இரண்டும் தேவையற்றவை. முதலில் வேண்டியது ஒரு நோட்டும் கொஞ்சம் கூட்டல் கணக்கும்தான்.

படி 1: ஆண்டு வரவைக் கூட்டுங்கள்

தமிழ்நாட்டில் சேவை தருகிறவர் ஜிஎஸ்டியில் பதிவு செய்ய வேண்டிய வரம்பு, ஒரு நிதியாண்டில் 20 லட்சம் ரூபாய். ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான மொத்த வரவு இதைத் தாண்டாதவரை பதிவு கட்டாயமில்லை. சிக்கல் "மொத்த வரவு" என்பதில் எவையெல்லாம் சேரும் என்பதில்தான் இருக்கிறது.

விருந்தினர் 3,500 ரூபாய் செலுத்தி, தளம் தன் கமிஷனைப் பிடித்துக்கொண்டு 2,900 ரூபாயை உங்கள் வங்கிக்கு அனுப்பினால், நோட்டில் எழுத வேண்டியது 3,500. வங்கிப் புத்தகத்தை மட்டும் பார்த்துக் கூட்டுகிறவர்கள் வரம்பைத் தாண்டியதே தெரியாமல் இருப்பார்கள்.

அடுத்தது, வரம்பு வீட்டைப் பார்ப்பதில்லை, உங்கள் பான் எண்ணைப் பார்க்கிறது. ஒரே பான் எண்ணில் நாடு முழுவதும் வரும் வரவுகள் ஒன்றாகச் சேரும். கடை வாடகை சேரும். குடியிருப்பதற்காக ஒரு குடும்பத்துக்கு விட்ட வீட்டின் வாடகைக்கு வரி கிடையாது, ஆனால் வரம்பைக் கணக்கிடும்போது அதுவும் சேரும்.

ஓர் உதாரணம். கொடைக்கானலில் இரண்டு அறைகள். இரவுக்கு 3,500 ரூபாய். ஒவ்வொன்றும் ஆண்டில் 140 இரவுகள் நிரம்புகின்றன. அதில் 9,80,000 ரூபாய். மதுரையில் ஒரு வீட்டு வாடகை மாதம் 15,000 என்றால் ஆண்டுக்கு 1,80,000. அங்கேயே ஒரு கடை, மாதம் 30,000, ஆண்டுக்கு 3,60,000. ஆக மொத்தம் 15,20,000. கவலையில்லை. அடுத்த ஆண்டு மாடியில் மூன்றாவது அறை கட்டி, அதுவும் அதே அளவு ஓடினால் 4,90,000 கூடி, 20,10,000 ஆகிவிடும். பத்தாயிரம் ரூபாய் கூடியதால் பதிவு கட்டாயம். இதோடு முடிவதில்லை. பதிவு செய்தபின், அதுவரை வரியில்லாமல் வாங்கிவந்த கடை வாடகைக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி வசூலித்துக் கட்ட வேண்டும். கடைக்காரர் முகம் சுளிப்பார். மூன்றாவது அறை கட்டுவதற்கு முன் கொத்தனாரிடம் மட்டுமல்ல, ஆடிட்டரிடமும் பேசச் சொல்வது இதற்காகத்தான்.

படி 2: முன்பதிவுகள் எந்த வழியாக வருகின்றன என்று பிரியுங்கள்

வரம்புக்குள் இருக்கிறீர்கள், பதிவும் செய்யவில்லை என்றால், ஏர்பிஎன்பி, மேக்மைட்ரிப் போன்ற தளங்கள் வழியாக வரும் முன்பதிவுக்கான ஜிஎஸ்டியை அந்தத் தளமே விருந்தினரிடம் வாங்கி அரசுக்குக் கட்ட வேண்டும். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 9(5) பிரிவு அப்படித்தான் சொல்கிறது. உங்களுக்கு அதில் வேலையில்லை. ஆனால் அந்த வாடகை படி 1 கணக்கில் சேரும். தளம் வரி கட்டிவிட்டது என்பதற்காக அது உங்கள் வரவு அல்ல என்று ஆகிவிடாது.

தொலைபேசியில் பேசி நேரடியாக வருகிறவர்களிடம், பதிவு இல்லாத நீங்கள் ஜிஎஸ்டி வாங்கக் கூடாது. ரசீதில் "ஜிஎஸ்டி 5%" என்று ஒரு வரி சேர்த்து அந்தப் பணத்தை வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம். சாதாரண ரசீது கொடுத்தால் போதும்.

படி 3: வரி விகிதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

2025 செப்டம்பர் 22 முதல் தங்கும் அறைகளுக்கு இரண்டு விகிதங்கள். ஓர் அறை அல்லது அலகுக்கு ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை என்றால் 5 சதவீதம். அதற்கு மேல் 18 சதவீதம். 1,000 ரூபாய்க்கு உட்பட்ட அறைக்கு வரி இல்லை என்று இன்னும் சிலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்த விலக்கு 2022 ஜூலை 18-ஆம் தேதியோடு போய்விட்டது.

5 சதவீதத்தில் ஒரு நிபந்தனை உண்டு. நீங்கள் வாங்கும் மெத்தை, போர்வை, தளத்தின் கமிஷன் ஆகியவற்றுக்குக் கட்டிய ஜிஎஸ்டியை, நீங்கள் கட்ட வேண்டிய வரியிலிருந்து உள்ளீட்டு வரி வரவாகக் கழித்துக்கொள்ள முடியாது. 18 சதவீதத்தில் கழிக்கலாம்.

7,500 என்ற கோட்டருகே விலை வைப்பவர்கள் கவனிக்க வேண்டும். 7,500 ரூபாய் அறைக்கு வரியோடு விருந்தினர் தருவது 7,875. வாடகையை 7,600 ஆக்கினால் அவர் தருவது 8,968. நீங்கள் நூறு ரூபாய் கூட்டியதற்கு அவருக்கு 1,093 ரூபாய் கூடுகிறது. மே மாத சீசனில் கை பரபரத்தாலும், ஒன்று 7,500-இல் நில்லுங்கள், அல்லது தயங்காமல் நன்றாகத் தாண்டிப் போங்கள்.

முழு பங்களாவையும் ஒரே அலகாக 12,000 ரூபாய்க்கு விட்டால், உள்ளே நான்கு படுக்கையறைகள் இருந்தாலும் 18 சதவீதம்தான். நான்கு அறைகளைத் தனித்தனியாக, தனித்தனி ஆட்களுக்கு 3,000 வீதம் விட்டால் 5 சதவீதம். ஒரே குடும்பம் முழு வீட்டையும் எடுத்திருக்க, ரசீதை மட்டும் நான்காக வெட்டுவது என் பார்வையில் வம்பை விலைக்கு வாங்குவது.

படி 4: வரம்பைத் தாண்டினால் பதிவு

தாண்டிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள் ஜிஎஸ்டி இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அரசுக் கட்டணம் எதுவும் இல்லை. பான், ஆதார், புகைப்படம், வங்கி விவரம், வீட்டுக்கான சொத்து வரி ரசீது அல்லது மின் கட்டண ரசீது தேவை. வீடு அப்பா பெயரிலோ மனைவி பெயரிலோ இருந்தால் அவர்களின் சம்மதக் கடிதமும் வேண்டும். கிடைக்கும் 15 இலக்க எண் தமிழ்நாட்டுக்கு 33 என்று தொடங்கும். மூணாறில் இன்னொரு வீடு வைத்திருந்தால் அதற்குக் கேரளத்தில் தனிப் பதிவு வேண்டும்.

எண் வந்ததும் அதை எல்லாத் தளங்களிலும் உங்கள் கணக்கில் ஏற்றுங்கள். பலர் விட்டுவிடுகிற வேலை இதுதான். வரம்பைத் தாண்டியபின் தளம் உங்களுக்காக வரி கட்டாது. தள முன்பதிவுக்கும் நீங்களே கட்ட வேண்டும். தளம் உங்களுக்குப் பணம் தரும்போது, வாடகையில் 0.5 சதவீதத்தை டிசிஎஸ் (மூலத்திலேயே வசூலிக்கும் வரி) என்று பிடிக்கும். அது இழப்பில்லை. ஜிஎஸ்டி இணையதளத்தில் அதை ஏற்றுக்கொண்டால் அங்கே உங்கள் பெயரில் உள்ள ரொக்கப் பேரேட்டில் வரவாகும், வரி கட்டப் பயன்படும். எண்ணை ஏற்றாமல் விட்டால், தளம் ஒரு பக்கமும் நீங்கள் ஒரு பக்கமுமாக ஒரே இரவுக்கு இரண்டு வரிக் கணக்குகள் ஓடும்.

சிறு வணிகர்கள் வரவில் ஒரு நிலையான சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் தொகுப்பு வரித் திட்டத்தைப் (கம்போசிஷன்) பற்றி யாராவது சொன்னால், சேவை தருகிறவர்களுக்கு அதன் விகிதம் 6 சதவீதம், அதையும் விருந்தினரிடம் தனியாக வாங்க முடியாது என்பதை நினைவில் வையுங்கள். தளங்கள் வழியாக சேவை தருகிறவர்களுக்கு அது கிடைக்கவும் கிடைக்காது.

படி 5: ரசீது

வரிசை எண், தேதி, உங்கள் ஜிஎஸ்டி எண், சேவைக் குறியீடு 996311, வாடகை, வரி. 5 சதவீத வரியை மத்திய ஜிஎஸ்டி 2.5, மாநில ஜிஎஸ்டி 2.5 என்று பிரித்துக் காட்டுங்கள். பெங்களூரிலிருந்து வரும் நிறுவன விருந்தினர் "ஐஜிஎஸ்டி போட்டுத் தாருங்கள், எங்களுக்கு வரவு கிடைக்கும்" என்பார். ஐஜிஎஸ்டி என்பது மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனைக்கான வரி. இணங்க வேண்டாம். தங்கும் சேவைக்கு வரி, வீடு எங்கே இருக்கிறதோ அந்த மாநிலத்தைச் சேர்ந்தது; சட்டத்தில் ஹோம்ஸ்டே என்றே பெயர் குறிப்பிட்டு எழுதியிருக்கிறார்கள்.

மே மாதத் தங்கலுக்கு மார்ச்சிலேயே வாங்கும் முன்பணத்துக்கு, மார்ச் கணக்கிலேயே வரி உண்டு. முன்பதிவை ரத்து செய்தவரிடம் பிடித்துக்கொள்ளும் கட்டணத்துக்கும் அறைக்கு உள்ள அதே விகிதத்தில் வரி உண்டு.

படி 6: ரிட்டர்ன்

ஆண்டு வரவு 5 கோடிக்குள் இருப்பவர்கள் காலாண்டு முறையைத் தேர்ந்துகொள்ளலாம். சிறிய வீட்டுக்காரருக்கு அதுவே வசதி. விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1 காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 13-ஆம் தேதிக்குள், வரியைக் கணக்கிட்டுக் கட்டும் சுருக்க ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி தமிழ்நாட்டில் 22-ஆம் தேதிக்குள். காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கான வரியை அடுத்தடுத்த மாதம் 25-க்குள் கட்டிவிட வேண்டும்.

மழைக்காலத்தில் ஒருவரும் வராவிட்டாலும் பூஜ்ய ரிட்டர்ன் தாக்கல் செய்தே ஆக வேண்டும். தவறினால் நாளுக்கு 20 ரூபாய், வரி இருந்தால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி.

வருமான வரி இதிலிருந்து தனி. தளங்கள் உங்கள் மொத்த வாடகையில் 0.1 சதவீதம் டிடிஎஸ் (மூலத்திலேயே பிடிக்கும் வருமான வரி) பிடிக்கும்; தனிநபராக இருந்து, பான் கொடுத்து, அந்தத் தளத்தின் வழியாக ஆண்டில் 5 லட்சத்துக்கு மேல் வராவிட்டால் பிடிக்காது. பான் கொடுக்காதவருக்குப் பிடிப்பது 5 சதவீதம். வருமான வரி இணையதளத்தில் உங்கள் பெயரில் பதிவாகியிருக்கும் தொகை கமிஷன் கழிக்காத முழுத் தொகையாகவே இருக்கும். நோட்டில் முழு வாடகையை எழுதி, கமிஷனைச் செலவுப் பக்கத்தில் வைத்திருந்தால் இரண்டும் ஒத்துப்போகும்.