ஓய்வு விடயத்தில் நாம் விடும் பிழைகள்

வன்னியில் ஒருவரிடம் “ஒரு நாளாவது ஆறுதலாக இருக்கக் கூடாதா?” என்று கேட்டால், “இந்த வேலை முடியட்டும்” என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். நாம் விடும் பெரிய பிழை இதுவே. காலபோக அருவிவெட்டு முடிந்தால் நெல்லைக் காயவைக்க வேண்டும். நெல்லை விற்றால் உரக்கடைக் கடன் காத்திருக்கும். அது தீர்வதற்குள் சிறுபோகத்துக்கு வயலை உழும் நாள் வந்துவிடும். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கடையிலும் அலுவலகத்திலும் வேலை செய்பவர்களுக்கும் மாதக் கணக்குகள் இப்படியே ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. வேலை முடிந்த பிறகுதான் ஓய்வு என்று வைத்தால் அந்த ஓய்வு ஒருநாளும் வராது.

கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகம் தொடங்குமுன் கமக்காரர்களும் அதிகாரிகளும் கூட்டம் கூடி, குளத்தில் இருக்கும் நீரைப் பார்த்து, எவ்வளவு ஏக்கர் விதைப்பது, எப்போது தண்ணீர் திறப்பது என்று தீர்மானிக்கிறார்கள். மிஞ்சினால் பார்ப்போம் என்று எந்த வாய்க்காலையும் விடுவதில்லை. ஓய்வுக்கும் அவ்வாறே முன்கூட்டி நாள் குறிக்க வேண்டும். கிழமையில் ஒரு பின்னேரத்தை ஒதுக்கி, அதை வீட்டார் எல்லோருக்கும் சொல்லிவைத்து, அந்த நேரத்தில் வேறு அலுவல் ஏற்காமல் இருப்பதே நல்ல தொடக்கம்.

2009இல் போரில் எல்லாவற்றையும் இழந்து, மீள்குடியேறி, வெறுங்காணியில் மறுபடி வீடு கட்டியவர்களுக்குச் சும்மா இருப்பதே குற்றம்போலத் தோன்றுவதை நான் நன்றாக விளங்கிக்கொள்கிறேன். அந்த உழைப்பு இல்லாமல் இந்த ஊர்கள் எழுந்திருக்கமாட்டா. ஆயினும் உடலுக்கு ஓர் அளவு உண்டு. கிழமைக்கு 55 மணித்தியாலம் அல்லது அதற்கு மேல் வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணித்தியாலம் வேலை செய்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் ஆபத்து ஏறத்தாழ 35 வீதமும், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 வீதமும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழில் நிறுவனமும் 2021இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது.

பெண்களின் ஓய்வைக் கணக்கிடுவதில் நாம் விடும் பிழை இன்னும் ஆழமானது. தொலைக்காட்சிக்கு முன் இருந்தபடி சுளகில் அரிசி புடைக்கும் தாயைப் பார்த்து, “அம்மா ஆறுதலாகத்தான் இருக்கிறா” என்று சொல்லிவிடுகிறோம். வற்றாப்பளை அம்மன் கோவில் வைகாசிப் பொங்கலுக்கு உறவினர் வந்து விறாந்தை நிறையக் கதையும் சிரிப்புமாக இருக்கும்போது, அவர் குசினியில் திருவலையில் தேங்காய் திருவிக்கொண்டிருப்பார். ஒரு பானை இறங்க அடுத்தது ஏறும். எல்லோரும் உண்டபின் சட்டி பானை கழுவுவதும் அவருக்கே விழும். வீட்டில் மற்றவர்களுக்கு விடுமுறையான நாள் அவருக்கு வேலை கூடிய நாள். கணவரை இழந்து தனியே குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் நிறைந்த எமது பிரதேசத்தில், கிழமைதோறும் வரும் நுண்கடன் தவணையும் இந்தப் பாரத்தோடு சேர்கிறது. “உதவி வேண்டுமானால் சொல்லுங்கோ அம்மா” என்று கேட்பது போதாது. கேட்காமலே ஒரு வேலையை, அது இரவுச் சமையலாகட்டும், உடுப்புத் தோய்ப்பதாகட்டும், மகனோ மகளோ முழுதாகப் பொறுப்பேற்க வேண்டும்.

நித்திரையிலும் பிழைகள் உண்டு. யானைக்கும் பன்றிக்கும் வயலில் இரவு முழுதும் காவல் இருந்தவர் பகலில் படுத்தால் அதைச் சோம்பல் என்று பேசக் கூடாது, ஏனெனில் வளர்ந்தவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 7 மணித்தியால நித்திரை வேண்டும். சோழகம் வீசும் மாதங்களில் உச்சி வெயிலில் வேலையை நிறுத்தி வேப்பமர நிழலில் சாய்வது எமது முன்னோர் வைத்த நல்ல வழக்கம். இரவில் தூங்குபவர்களுக்கு அந்தச் சாய்வு 20, 30 நிமிடத்தோடு முடிவது நல்லது, நீண்டால் இரவுத் தூக்கம் கெடும். இரவு எட்டு மணிக்குக் குடிக்கும் சாயத் தேநீரில் உள்ள கஃபீனில் பாதியளவு குறையவே ஏறத்தாழ 5 மணித்தியாலம் எடுக்கும். படுக்கையில் கைபேசி பார்ப்பதை ஓய்வென்று எண்ணுவதும் தவறு.

சட்டம் தந்திருக்கும் ஓய்வைக் கேட்காமல் விடுவது இன்னொரு பிழை. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி, கிழமையில் 28 மணித்தியாலத்துக்குக் குறையாமல் வேலை செய்தவருக்கு ஒன்றரை நாள் விடுமுறை உரியது. பல இளையோர் இதை அறியாமல் ஞாயிறும் கடையில் நிற்கிறார்கள்.

எனக்கு மிகுந்த கவலை தருவது பிள்ளைகளின் நிலை. 13 முதல் 18 வயது வரையானவர்களுக்கு 8 முதல் 10 மணித்தியால நித்திரை தேவை. விடியப்புறம் ஒரு ரியூசன், பாடசாலை விட்டதும் இன்னொன்று, ஞாயிறு முழுவதும் வகுப்பு என்று ஓடும் பிள்ளைக்கு அது எங்கிருந்து கிடைக்கும்? உயர்தரப் பரீட்சையின் அருமை தெரியாமல் இதைச் சொல்லவில்லை. களைத்த மூளையில் நான்காவது வகுப்பின் பாடம் தங்காது என்பதால்தான், ஒரு வகுப்பையாவது குறைத்து ஞாயிறு பின்னேரத்தை மைதானத்துக்கு விடும்படி பெற்றோரைக் கேட்கிறேன். அங்கே கிளித்தட்டா, கரப்பந்தா என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும்.