வடசென்னைக் கடலோரக் குப்பங்களுக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

காசிமேட்டில் தொடங்கி எண்ணூர் வழியாகப் பழவேற்காடு வரை ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. பாட்டி முதல் இரண்டாம் வகுப்புப் பையன் வரை ஏழு பேராக நாங்களும் அப்படித்தான் கிளம்பினோம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏலம் விடியற்காலையிலேயே களைகட்டிவிடும். நாங்கள் போனபோது ஐஸ் உருகி ஓடிய ஈரத் தரைதான் மிச்சம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது துறைமுகம் இன்னும் அடங்கிக் கிடக்கும்.

பழவேற்காட்டுக்கு ரயில் கிடையாது. பொன்னேரியில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். 1613இல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். அவர்களுடைய பழைய கல்லறைகளும் ஏரியும் இருக்கின்றன. அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

அடுத்த தவறு, மெரினா மாதிரி மணலை எதிர்பார்ப்பது. இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் அதைத் தடுத்ததால் மெரினா அகன்றது; ராயபுரத்துக்கு வடக்கே கடல் கரையைத் தின்றது. அதனால்தான் திருவொற்றியூர்ப் பக்கம் பாறாங்கல் தடுப்பும், கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவு என்ற கல் சுவர்களும். பாசி படிந்த கல்லில் பிள்ளைகளை ஏற விடாதீர்கள். எங்கள் பையன் வழுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான்.

ரயில் விஷயம் எளிது. சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் புறநகர் நிலையத்தில் அரக்கோணம் வண்டிகளும் நிற்கும், பலகையில் கும்மிடிப்பூண்டி என்று பார்த்து ஏறுங்கள்; திருவொற்றியூர், எண்ணூர், பொன்னேரி எல்லாம் அந்தத் தடத்தில்தான். குறுக்கு வழி என்று தண்டவாளத்தில் மட்டும் இறங்கி நடக்கவே கூடாது. ஹவுரா, டெல்லி எக்ஸ்பிரஸ்களும் ஓடுகிற பாதை அது. எண்ணூர் நெடுஞ்சாலை ஓரமாக நடப்பதும் வேண்டாம், கன்டெய்னர் லாரிகள் ஓயாது. குப்பத்துத் தெருக்களுக்குள் நடந்தால் நிழலும் கிடைக்கும், வழி சொல்ல ஆளும் கிடைக்கும்.

அந்தத் தெருக்களில்தான் எனக்கு மனசு வருத்தப்படுகிற தவறுகள் நடக்கின்றன. மணலில் விரித்திருக்கிற வலை ஒரு குடும்பத்தின் சோறு. அதன் மேல் செருப்புக் காலோடு நடக்காதீர்கள், சுற்றிப் போங்கள். வாசலில் வலை பின்னுகிறவரைப் படம் எடுக்கும் முன், "அண்ணா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். எங்களோடு வந்த அத்தை அப்படித்தான் கேட்டார். அந்த அண்ணன் ஊசியைப் பையன் கையில் கொடுத்து, கிழிந்த இடத்தில் முடிச்சு எப்படி விழுகிறது என்று மூன்று முறை காட்டினார்.

எண்ணூர் முகத்துவாரத்தில் குளிக்க இறங்காதீர்கள். தண்ணீர் அமைதியாகத்தான் தெரியும். வற்றம், அதாவது கடல்மட்டம் இறங்குவது, தொடங்கினால் கழிமுகத் தண்ணீரெல்லாம் கடலுக்கு இழுக்கும். கரையில் உட்கார்ந்து பார்ப்பதே போதும். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பறி என்ற பனையோலைக் கூடையைப் பல்லால் கடித்துத் தொங்க விட்டிருப்பார்கள், பிடித்ததை அதற்குள் போட. பாட்டி கிளம்பவே மாட்டேன் என்றார்.

மீன் வாங்குவதென்றால் திரும்பும் நேரத்தில் வாங்குங்கள். வெயிலில் பையோடு அலைந்தால் வீடு சேரும் முன் கெட்டுவிடும். மூடி போட்ட டப்பா ஒன்று எடுத்துப் போங்கள், ரயில் பெட்டியில் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கும் நல்லது.