கூட்டத்தைப் படமெடுக்குமுன் லொகேஷனை அணையுங்கள்

கட்சி ஊர்வலத்தைப் போனில் எடுக்குமுன், கேமரா செட்டிங்ஸில் லொகேஷனை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை படத்துக்குள்ளேயே பதிவாகிவிடும். தக்கலையில் உங்கள் வீட்டு மாடியில் நின்று எடுத்திருந்தால் விலாசத்தையே கொடுத்த மாதிரிதான். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் நீங்கிவிடும். தெளிவு குறையக்கூடாது என்று டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். எந்தக் கொடியை வேடிக்கை பார்த்தோம் என்பது நம் சொந்த விஷயம், அதை ஏன் நாமே பரப்ப வேண்டும்?

செய்திக்கோ புகாருக்கோ ஆதாரமாக எடுப்பவர்கள் அணைக்க வேண்டாம். இடமும் நேரமும்தான் அங்கே பலம். அப்புறம், பின்னால் நாகர்கோவில் மணிமேடை மணிக்கூண்டு தெரிந்தால் அணைத்தும் பயனில்லை.