“இதுக்கு என்ன அர்த்தம்?” என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள்: சமகாலக் கலையைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சியான கொச்சி பியனாலேவுக்கோ சென்னையில் ஏதாவது ஒரு கேலரிக்கோ முதல்முறை போகிறவர்கள் ஒரு படைப்பின் முன் நின்றதும் அநேகமாகக் கேட்பது, “இதுக்கு என்ன அர்த்தம்?” என்பதுதான். கேள்வியில் குற்றமில்லை. அதையே முதல் கேள்வியாகக் கேட்பதில்தான் சிக்கல். அப்படிக் கேட்ட உடனே படைப்பு ஒரு விடுகதை ஆகிவிடுகிறது. விடை கலைஞரின் மனதிலோ சுவரில் ஒட்டிய குறிப்பிலோ ஒளிந்திருப்பதாகவும் நாம் அதைக் கண்டுபிடித்தாக வேண்டும் என்றும் தோன்றிவிடுகிறது. கிடைக்காதபோது “இதெல்லாம் நமக்குப் புரியாது” என்று நகர்ந்துவிடுகிறோம்.

இன்றைய கலைஞர்கள் பலரின் யோசனை, அவர்கள் கையில் எடுத்த பொருளிலேயே இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது, யார் கைபட்டது, எவ்வளவு எடை, நாளாக நாளாக அதற்கு என்ன ஆகிறது என்று பார்த்தாலே பாதி வழி போய்விடலாம். அதனால் முதலில் கேட்க வேண்டியது, “இது எதனால் ஆனது?”

ஷீலா கௌடாவை எடுத்துக்கொள்வோம். கர்நாடகத்தின் பத்ராவதியில் 1957-ல் பிறந்தவர், பெங்களூரில் இருந்து வேலை செய்பவர். அவருடைய ‘பிஹோல்ட்’ என்ற படைப்பு 2009 வெனிஸ் பியனாலேவில் வைக்கப்பட்டது, இப்போது லண்டன் டேட் அருங்காட்சியகத்திடம் இருக்கிறது. கன்னங்கரேல் என்று கயிறு சுவரெல்லாம் தொங்கித் தரையில் சுருண்டு கிடக்கும். அந்தக் கயிற்றுக் கொத்துகளில் பளபளக்கும் கார் பம்பர்கள் தொங்கும். பம்பர்கள் 20, கயிறு சுமார் 4,000 மீட்டர். கயிறு முழுக்க மனித முடி.

இங்கே பலரும் உடனே செய்கிற தவறு, குறியீட்டுக் கணக்குப் போடுவது. முடி என்றால் பெண், இரும்பு என்றால் ஆண், இரண்டும் மோதுகின்றன, முடிந்தது விளக்கம். ஆனால் அந்தக் கயிறு கலைஞர் கற்பனையில் உண்டாக்கியது இல்லை. பெங்களூரில் வண்டிக்குத் திருஷ்டி படக்கூடாது, விபத்து நேரக்கூடாது என்று பம்பரில் கட்டுவதற்காகவே விற்கிற கயிறு அது. கோயிலில் மொட்டை போட்ட முடி அதில் இருக்கிறது. நீளமான முடி விக் செய்ய வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகிறது, மிஞ்சுகிற குட்டை முடியைக் கயிறாகத் திரிக்கிறார்கள். யாரோ ஒருவர் வேண்டிக்கொண்டு இறக்கிய முடி, இன்னொருவருக்குச் சரக்காகி, மூன்றாமவரின் பயத்தைப் போக்க வண்டியில் ஏறுகிறது. இத்தனையும் அந்தக் கயிற்றுக்குள் முறுக்கிக் கிடக்கிறது. பழனியிலோ திருப்பதியிலோ முடி கொடுத்த ஒருவருக்கு இந்தப் படைப்பின் முன் லண்டன்காரரைவிட அதிகம் தெரியும். அதை நாம் மறந்துவிட்டு, கலை வரலாறு படிக்கவில்லையே என்று கூச்சப்படுகிறோம். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம்.

“இதை என் பையனே செய்துவிடுவான்” என்ற பேச்சும் இவரிடமே உடைந்துபோகும். ‘அண்ட் டெல் ஹிம் ஆஃப் மை பெயின்’ (‘அவனிடம் என் வலியைச் சொல்’) என்ற படைப்பு தொலைவில் இருந்து பார்த்தால் அறைக்குள் வளைந்து வளைந்து போகும் ஒரு சிவப்பு வடம், அவ்வளவுதான். கிட்டப் போனால் நுனியில் கொத்தாக ஊசிகள் தொங்கும். மிக நீளமான நூலை ஊசியின் காதில் கோத்து, பாதி நீளம் வரும்வரை இழுத்து, அடுத்த ஊசி, அடுத்த நூல் என்று சேர்த்து, குங்குமமும் பசையும் பூசி இறுக்கியது அந்த வடம். ஒரு நூலை அந்த நீளத்துக்கு இழுத்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். வலி என்று தலைப்பில் இருப்பது அந்த இழுவையில் இருக்கிறது. தையலையும் கோலத்தையும் போல, செய்து முடித்ததும் உழைப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகும் வேலை இது. ஓவியராகப் பயின்றவர் ஏன் தூரிகையை விட்டு சாணத்துக்கும் குங்குமத்துக்கும் வந்தார் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். பாபர் மசூதி இடிப்பை ஒட்டிய 1992-93 கலவரக் காலத்துக்குப் பிறகு கேன்வாஸில் வரைவது அவருக்குப் போதவில்லை.

அடுத்த தவறு, பொருளைப் பார்த்த மாத்திரத்தில் “ஓ, மறுசுழற்சி!” என்று பட்டம் கட்டிவிடுவது. கானாவில் 1944-ல் பிறந்து, நைஜீரியாவின் என்சுக்கா பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் சிற்பம் கற்பித்த எல் அனட்சுயி இதனால் அதிகம் பாதிக்கப்பட்டவர். மது பாட்டில் மூடிகளை ஆயிரக்கணக்கில் தட்டையாக்கி, மடித்து, செப்புக் கம்பியால் கோத்து, சுவர் அளவுக்குத் தங்கப் பட்டாடை போலத் தொங்கவிடுபவர் அவர். செய்தித்தாள்கள் ‘குப்பையிலிருந்து கலை’ என்று தலைப்புப் போட்டுவிடும். குப்பையைப் பயன்படுத்துவதுதான் நோக்கம் என்றால் பிளாஸ்டிக் கவர் போதுமே, ஏன் மது மூடி? மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஐரோப்பியர் பண்டமாற்றுச் சரக்காக மதுவைக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து மனிதர்களை அடிமைகளாக அட்லாண்டிக்குக்கு அப்பால் ஏற்றிப் போனார்கள். அவர்கள் உழைத்த கரும்புத் தோட்டங்களில் இருந்து ரம் வந்தது. மூடியில் இருக்கிற பிராண்டு பெயரைப் படித்தால் அந்த வியாபாரம் இன்னும் நம் காலத்துக்குள் நீண்டுகொண்டிருப்பது தெரியும்.

இன்னொன்றும் உண்டு. அவருடைய தொங்கல்களுக்கு நிலையான வடிவம் கிடையாது. எங்கே மடிக்க வேண்டும், எங்கே சரியவிட வேண்டும் என்பதைப் பெரும்பாலும் மாட்டுகிறவர்களிடமே விட்டுவிடுவார். போன வருடம் ஒரு நகரத்தில் பார்த்ததும் இந்த வருடம் வேறு நகரத்தில் பார்ப்பதும் ஒரே படைப்புதான், ஆனால் ஒரே உருவம் இல்லை. இணையத்தில் ஒரு போட்டோ பார்த்துவிட்டு ‘பார்த்தாயிற்று’ என்று சொல்லவே முடியாத வகை அது.

சுவர்க் குறிப்புக்கு வருவோம். அதை முதலில் படித்துவிட்டுப் படைப்பைச் சரிபார்க்கத் திரும்புவது மிகப் பரவலான பழக்கம். கியூபாவில் பிறந்த ஃபீலிக்ஸ் கொன்சாலெஸ்-டோரஸ் 1991-ல் செய்த ஒரு படைப்பு சிகாகோ கலை நிறுவனம் என்ற அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூலையில் குவித்த மிட்டாய்கள், வண்ண வண்ணக் காகிதம் சுற்றியவை. வருகிறவர்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளலாம், தின்னலாம். தலைப்பிலேயே, அடைப்புக்குறிக்குள், ‘லாஸ் ஏஞ்சல்ஸில் ராஸின் உருவப்படம்’ என்று இருக்கிறது. ராஸ் லேகாக் அவருடைய காதலர், அந்த வருடம்தான் எய்ட்ஸால் இறந்தார். குவியலுக்குக் கலைஞர் சொன்ன எடை 175 பவுண்டு, ஏறக்குறைய 79 கிலோ. ராஸ் நலமாக இருந்த நாளின் எடை என்றுதான் பெரும்பாலோர் இதைப் புரிந்துகொள்கிறார்கள். ஒவ்வொருவராக எடுக்க எடுக்கக் குவியல் மெலிகிறது. நோய் உடம்பைக் கரைத்ததும் அப்படித்தான். வாயில் இனிக்கிற அந்த மிட்டாயால் நீங்களும் அந்தக் கரைதலில் பங்காளி ஆகிறீர்கள். குறைந்ததை மறுபடி நிரப்பலாம், நிரப்பியே தீர வேண்டும் என்பதும் இல்லை. அதை வைத்திருப்பவர் முடிவு செய்ய வேண்டும்.

2022-ல் இந்தப் படைப்பின் பக்கத்தில் இருந்த குறிப்பை அருங்காட்சியகம் மாற்றியிருந்தது பேச்சானது. புதிய குறிப்பில் ராஸும் இல்லை, எய்ட்ஸும் இல்லை. ஒரு சராசரி ஆணின் எடை என்ற அளவில் நின்றுவிட்டது. கண்டனம் எழுந்து, குறிப்பு மறுபடி மாறியது. குறிப்பை எழுதுவது ஒரு மனிதர், அதற்குப் பின்னால் ஒரு நிறுவனத்தின் தேர்வு இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். நான் எல்லாரிடமும் சொல்வது இதுதான்: முதலில் பாருங்கள், அப்புறம் படியுங்கள், படித்துவிட்டு மறுபடி பாருங்கள். அதற்காகக் குறிப்பையே ஒதுக்கிவிடுவதும் சரியில்லை. ராஸ் யார் என்று தெரியாமல் அந்த மூலையில் இருந்து மிட்டாய் மட்டும் தின்றுவிட்டு வருவது பெரிய இழப்பு.

இடத்தையும் காலத்தையும் கழற்றிவிட்டு ‘உலகப் பொதுவானது’ என்று புகழ்வதும் ஒரு தவறு. பாராட்டு மாதிரி இருப்பதால் இதை யாரும் தவறாக எண்ணுவதில்லை. இலங்கைக் கலைஞர் சந்திரகுப்த தேனுவர 1997-ல் ‘பேரலிசம்’ (பேரல் என்றால் பீப்பாய்) என்று பெயரிட்டு, ராணுவ உருமறைப்பு வண்ணம் பூசிய பீப்பாய்களைக் காட்சிக்கு வைத்தார். வெளியூர்க்காரர் கண்ணுக்கு அது பச்சையும் பழுப்புமாக ஒரு வடிவமைப்பு. அந்தக் காலத்துக் கொழும்பில் இருந்தவருக்கு அது சோதனைச்சாவடி. அந்தப் பீப்பாய்களின் பக்கத்தில் அடையாள அட்டையை நீட்டி நின்ற தமிழருக்கு அதன் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1983 கறுப்பு ஜூலையை நினைவுகூர்ந்து அவர் ஆண்டுதோறும் ஜூலையில் கண்காட்சி வைத்து வருகிறார். அந்தத் தேதியைப் பிரித்துவிட்டால் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் தா. சனாதனன் 2011-ல் ஒரு படைப்பைப் புத்தக வடிவில் செய்தார், ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்று பொருள்படும் தலைப்பில். தோம்பு என்பது போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. போரில் வீட்டை விட்டுப் போனவர்கள் நினைவிலிருந்து வரைந்த வீட்டு வரைபடம், அதையே கட்டடக் கலைஞர் அளவோடு வரைந்தது, அதன்மேல் சனாதனன் தன் கையால் வரைந்தது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் அடுக்கடுக்காகத் தாள்கள். இங்கே ‘ஓவியம் எங்கே, அழகு எங்கே’ என்று தேடினால் ஏமாற்றம்தான். அரசாங்கக் கோப்பின் உருவத்தை எடுத்து, எந்த அரசாங்கக் கோப்பிலும் ஏறாததை, கிணறு எந்தப் பக்கம், சாமியறை எது, மாமரம் எங்கே நின்றது என்பதைப் போன்றவற்றை, அதற்குள் பதிவதுதான் யோசனை. கோணலாக வந்த கோட்டையும் நிதானமாகப் பாருங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் இருக்கிறது, படிக்கக் கூடாததைப் படிக்க முயல்வது. சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966-ல் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கர் 1963 முதல் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் எழுத்தும் கணக்கும் ஜாதகக் கட்டமும் போலத் தெரிபவை நிறைந்திருக்கும். மலையாளம் தெரிந்தவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசிக்கப் பார்ப்பார்கள். வாசிக்க ஒன்றும் இல்லை. எழுத்து என்ற உருவத்தின் மேல் நமக்கு இருக்கிற பழக்கத்தைத்தான் அவர் வரைந்திருக்கிறார்.

கலைஞர் தன் கையாலேயே செய்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2010-ல் சீனக் கலைஞர் ஐ வெய்வெய் லண்டன் டேட் மாடர்னில் பரப்பிய 10 கோடி சூரியகாந்தி விதைகள் பீங்கானில் செய்தவை. சீனாவின் ஜிங்டெஜென் நகரத்தில் சுமார் 1,600 பேர் கையால் செய்து வண்ணம் தீட்டினார்கள். மாவோ சூரியன், மக்கள் அவரை நோக்கித் திரும்பும் சூரியகாந்தி என்று போற்றிய தேசத்தில், ஒன்றுபோல் தெரியும் ஒவ்வொரு விதையும் தனித்தனியாக ஒருவர் கையில் உருவானது. இத்தனை கைகள் இல்லாமல் அந்த யோசனையே இல்லை.

போட்டோ விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 2014-ல் நியூயார்க்கின் புரூக்லினில், இடிக்கப்படவிருந்த டொமினோ சர்க்கரை ஆலைக்குள் அமெரிக்கக் கலைஞர் காரா வாக்கர் வெள்ளைச் சர்க்கரை பூசிய ஒரு பிரமாண்டமான உருவத்தை அமைத்தார். கறுப்பினப் பெண்ணின் முகம், எகிப்தின் ஸ்பிங்க்ஸ் சிலை போலப் படுத்த உடல், சுமார் 35 அடி உயரம். சுற்றிலும் கூடை சுமக்கும் சிறுவர் உருவங்கள், நாட்கள் போகப் போக அவற்றில் சில உருகி உடைந்தன. சர்க்கரையை வெள்ளையாக்க எத்தனை கறுப்பு உடல்கள் தேய்ந்தன என்பது அந்தக் கட்டடம் முழுக்க நாறிக்கொண்டிருந்தது. அதன் முன் நின்று ஆபாசமாகச் சைகை காட்டி செல்ஃபி எடுத்தவர்கள் பலர். வாக்கர் பார்வையாளர்களை வீடியோவாகப் பதிவு செய்து, அதையும் ஒரு படைப்பாக வைத்தார். கண்காட்சிக்குள் போனதும் போனைத் தூக்கும் பழக்கம் இருந்தால், ஒரு படைப்பின் முன் குறைந்தது சில நிமிடம் சும்மா நின்றுவிட்டு அப்புறம் எடுங்கள். வீடியோ படைப்பு என்றால் பாதியில் நுழைந்து பாதியில் வெளியேறாமல், அடுத்த சுற்று தொடங்கும்வரை காத்திருங்கள்.

எழுதுகிறவர்களுக்கும் ஒன்று. தமிழில் கண்காட்சி பற்றி வரும் கட்டுரைகளில் ‘ஆழமான’, ‘நுட்பமான’, ‘மனித வாழ்வின் அவலத்தைப் பேசும்’ என்ற சொற்களைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அந்த வாக்கியத்தை வேறு எந்தக் கலைஞருக்கும் அப்படியே தூக்கி ஒட்டிவிடலாம். முடி, மூடி, மிட்டாய், பீப்பாய் என்று பொருளின் பெயரைச் சொல்லித் தொடங்கினால், அடுத்த வாக்கியம் பொய்யாகப் போக வழியே இருக்காது.

கடைசியாக விலை. இத்தாலியக் கலைஞர் மவுரிசியோ கட்டெலான் 2019-ல் மயாமியில் சுவரில் டேப் போட்டு ஒட்டிய வாழைப்பழம் 1,20,000 டாலருக்கு விற்றது, 2024-ல் அதன் ஒரு பிரதி ஏலத்தில் 60 லட்சம் டாலரைத் தாண்டியது. வாங்கியவருக்குக் கிடைப்பது ஒரு சான்றிதழும், எப்படி ஒட்டுவது என்ற குறிப்பும்தான். பழம் அழுகினால் மாற்றிக்கொள்ளலாம். சமகாலக் கலை என்றாலே இந்த ஒரு செய்தியை வைத்து மொத்தத்தையும் ஏமாற்று என்று தள்ளுகிறவர்கள் நிறைய. அந்த வாழைப்பழம் எனக்கும் பெரிதாகப் படவில்லை. விலையைப் பற்றிய ஒரு யோசனை அதில் இருக்கிறது, அதைச் சொல்லி முடித்ததும் தீர்ந்துபோகிறது. மூலையில் கிடக்கும் அந்த மிட்டாய்க் குவியலும் கடையில் வாங்கியதுதான், அதையும் மாற்றி நிரப்பலாம், ஆனால் அது தீரவே மாட்டேன் என்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஏன் இப்படி என்று யோசியுங்கள். ஏல விலையைப் பற்றிப் பேசுவதைவிட அதில் பேச நிறைய இருக்கிறது.